சில்லு வாளியை யார் தூக்குவது?

இருபத்தொன்பது வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. சிரிக்காதீர்கள். சால்வை, மாலை, மிக்சர் பொட்டலம் எல்லாம் உண்டு. எட்டு வருடம் வேலை பார்த்த விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலையை விட்டு மேற்படிப்புக்குப் போகிறேன் என்று சொன்னதும், சூளைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெருமாள் அண்ணன், "ராஜினாமான்னு சொன்னா கோவிச்சிக்கிட்டுப் போற மாதிரி இருக்குது மலரு. ரிட்டேரு ஆவுறன்னு சொல்லிட்டுப் போ. எங்களுக்கும் கேசரி கெடைக்கும்" என்றார். கேசரிக்காக நான் ரிட்டயர் ஆனேன்.

சோதனை அறையில் என் இடத்துக்கு வந்திருக்கும் சுகன்யா அதற்கு முந்தைய வாரமே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வாசல்ல இருக்குற தகரப் பெட்டிய எடுத்துட்டுப் புகார் சொல்றதுக்கு செல்போன் நம்பரு எழுதப் போறாங்களாம். நல்லதுதான? அப்ப இந்தச் சில்லு வாளிய மட்டும் ஏன் தினம் ஒரு ஆளு மாத்தி மாத்தித் தூக்குறோம்? அதையும் நிறுத்திடலாம்ல? போறதுக்குள்ள எழுதிக் குடுங்க. நீங்க வாயால சொன்னா பாதிதான் புரியுது."

உண்மைதான். பேசினால் நான் வார்த்தைகளை விழுங்கிவிடுவேன். எழுதும்போது கை கொஞ்சம் மெதுவாகப் போகிறது. எனவே சுகன்யா, உனக்காகவும், உனக்குப் பிறகு அந்தச் சோதனை அறைக்கு வரப்போகிறவர்களுக்காகவும் இது.

படித்த கதையை நீட்ட வேண்டாம். நல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து விருத்தாசலத்தில் மூன்று வருடம் பீங்கான் தொழில்நுட்பம் படித்தேன். மண் பிசைந்தேன், பரீட்சை எழுதினேன், முதல் வகுப்பு வாங்கினேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்போடு வேலையில் சேர்ந்தேன். நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அறுபது பேர் வேலை செய்யும் சின்னத் தொழிற்சாலை. மின்கம்பத்தின் உச்சியில் பழுப்பு நிறத்தில் தொப்பி போட்டதுபோல உட்கார்ந்திருக்குமே, கம்பியைத் தாங்கிக்கொண்டு, அந்த இன்சுலேட்டர்தான் எங்கள் சரக்கு. தொழிலாளிகள் அதைக் 'கம்பத்துப் பீங்கான்' என்பார்கள்.

கம்பத்துப் பீங்கான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் குடிக்கக் கூடாது. சூளையில் சரியாக வெந்தால் அது மழையில் எத்தனை வருடம் நின்றாலும் ஒரு சொட்டை உள்ளே விடாது. வேகாமல் போனால் மெல்ல மெல்ல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒருநாள் வெடிக்கும். மின்சாரம் கம்பத்தில் இறங்கும். எங்கள் பக்கத்துக் கம்பங்கள் நிற்பது பெரும்பாலும் நெல் வயலில். வயலில் முழங்கால் தண்ணீரில் ஆள் நிற்பார்கள்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் சாயச் சோதனை. சூளையின் மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு மூன்றிலும் ஒவ்வொரு பீங்கான் எடுத்துச் சுத்தியலால் உடைக்க வேண்டும். சில்லுகளைக் கனமான இரும்புக் கலனில் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த சிவப்புச் சாயத்தை ஊற்றி மூடி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். அந்தச் சாயத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'ரோஸ் தண்ணி'. மறுநாள் காலை அழுத்தத்தை இறக்கி, சில்லுகளைக் குழாயில் கழுவித் துடைத்து, மறுபடி உடைத்துப் பார்க்க வேண்டும். புதிதாக உடைந்த முகம் வெள்ளை வெளேரென்று இருந்தால் நல்ல பீங்கான். ரோஸ் உள்ளே போயிருந்தால் அது தண்ணீர் குடிக்கும் பீங்கான்.

விதியில் ஒரு சலுகை உண்டு. முதலில் உடைக்கும்போது சுத்தியல் அடியால் விழுந்த வெடிப்பில் சாயம் ஏறியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நியாயமான சலுகைதான். வெடிப்பு என்றால் நூல் மாதிரி ஒரு கோடு தெரியும். வேகாத மண் என்றால் பீட்ரூட் கறை மாதிரி பரவியிருக்கும். சந்தேகம் வந்தால் குறுக்கே இன்னொரு முறை உடைத்துப் பார்க்கலாம். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தில்தான் நான் தவறினேன்.

அதற்கு முன்னால் சவரிமுத்து சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் மேலாளர். முதலாளி வெளியூரில். மாதம் ஒரு தடவை வருவார், மற்ற நாளெல்லாம் போனில் கத்துவார். கத்தல் முழுவதையும் வாங்கிக்கொள்ளும் காது சவரிமுத்து சாருடையது. ஒல்லியான ஆள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற அதே இஸ்திரிச் சட்டையோடு திங்கட்கிழமை சூளைப் புகையில் நிற்பார். அவரிடம் ஒரு பழக்கம். நாம் எதைச் சொன்னாலும் அதை அப்படியே, நம் வார்த்தையிலேயே, குரல் உயர்த்தாமல் திருப்பிச் சொல்வார். "பஸ்ஸு பஞ்சர் ஆயிடுச்சு சார்" என்றால், "பஸ்ஸு பஞ்சர் ஆயிடுச்சு" என்பார். பிறகு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பஞ்சர் ஆகாத பஸ்ஸாக இருந்தால் அந்த இடைவெளியில் நமக்கு வேர்த்துவிடும். இன்னொன்று: யாருக்காவது கஷ்டமான சேதியைப் போனில் சொல்ல வேண்டியிருந்தால், எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் நம்பரைச் சுழற்றுவார். அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பொத்தானா தெரியப் போகிறது? "எனக்குத் தெரியுதுல்ல" என்றார், ஒருமுறை நான் கேட்டபோது.

இரண்டாம் வருடம் என்னைச் சென்னைக்கு ஒரு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நிறுவனத்தில் நேர்மை, தலைமைப் பண்பு என்று தலைப்பு. ஏசி அறை, பளபளப்பான ஃபைல், இரண்டு வேளை பிஸ்கட். திரும்பி வந்தபோது நான் தரையில் நடக்கவில்லை. தவறு எங்கே நடந்தாலும் தொழிலாளி பயமில்லாமல் சொல்ல ஒரு பெட்டி வேண்டும் என்றேன். பெயர் எழுத வேண்டியதில்லை. சாவி என்னிடம். சனிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு பேர் முன்னிலையில் திறக்கப்படும். வாரம் தவறாது.

"பொட்டி வச்சா பொறாமைதான் வந்து வுழும்மா" என்றார் சவரிமுத்து சார்.

"நேர்மையான நிறுவனம்னா பெட்டி இருக்கணும் சார்."

"நேர்மையான நிறுவனம்னா பெட்டி இருக்கணும்" என்று திருப்பிச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேர்க்கவில்லை. சிரித்துவிட்டு, "சரி, தகரம் வாங்கிக்க" என்றார்.

முதல் சனிக்கிழமை பெட்டியைச் சுற்றி திருவிழாக் கூட்டம். திறந்தால், நான்கு பஸ் டிக்கெட், ஒரு புளியங்கொட்டை, 'டீயில் பால் இல்லை' என்று ஒரு சீட்டு. டீ விவகாரத்தை அன்றே சரி செய்தேன். ஏக கைத்தட்டல். அடுத்த வாரம் ஒரு சீட்டில், 'சோதனை அறைப் பெண் வேகமாகப் பேசுவதால் ஒன்றும் விளங்கவில்லை' என்றிருந்தது. அதற்கும் கைத்தட்டல். மூன்றாம் வாரம் உயிருள்ள ஓணான். அதன் பிறகு ஒன்றும் விழவில்லை. கூட்டமும் கரைந்தது. முன்னிலை வகிக்க வேண்டிய இரண்டு பேரும் வருவதில்லை. காலிப் பெட்டியை நான் மட்டும் திறந்து நான் மட்டும் மூடினேன்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

கே-9 என்று முத்திரையிட்ட சூளைச் சரக்கு. சேத்தியாத்தோப்பு பக்கம் புதிதாக மின்பாதை இழுத்துக்கொண்டிருந்த ஒப்பந்ததாரருக்குப் போக வேண்டியது. சோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே லாரியில் ஏற்றிவிடுவது அப்போது எங்கள் வழக்கம். முடிவு எப்போதும் நல்லதாகவே இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. வைக்கோல் வைத்துக் கட்டிய சரக்கோடு லாரி நிற்கிறது. டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டார். நான் சில்லுகளைக் கழுவி உடைத்துக்கொண்டிருக்கிறேன். மேல் அடுக்கு வெள்ளை. நடு அடுக்கு வெள்ளை. கீழ் அடுக்கில், கழுத்துப் பகுதியில், தடிமனான இடத்தில், ஓரமாக ஒரு ரோஸ்.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 'சுத்தியல் வெடிப்பு' என்று மனசு உடனே சொன்னது. ரொம்ப உடனே. என்னால் ஒரு லாரியும் இதுவரை நின்றதில்லை என்பது அந்த நாட்களில் என் பெருமை. நோட்டில் 'சுத்தியல் வெடிப்பு, ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாரி போயிற்று. சில்லுகளை வாளியில் போட்டேன். பச்சையம்மா அக்கா வந்து வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கழிவு மேட்டுக்குப் போனார். திட்டக்குடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவர். சில்லு அள்ளுவதும் கூட்டிப் பெருக்குவதும் அவர் வேலை. தொழிற்சாலையில் விரல் நுனி ரோஸாக இருப்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான். "உனக்கும் எனக்கும் வருசம் பூரா மருதாணி" என்பார்.

சனிக்கிழமை மூன்று மணி. பெட்டியைத் தூக்கியதும் உள்ளே ஏதோ உருண்டது. இன்னொரு புளியங்கொட்டை என்று நினைத்தேன். தினத்தாள் துண்டில் சுற்றிய ஒரு சில்லு. கழுத்துப் பகுதி. ஓரத்தில் கே-9. குறுக்கே யாரோ உடைத்திருந்தார்கள், புதிதாக. உள்ளே பீட்ரூட் கறை. கோடு இல்லை. கறை. கட்டைவிரல் அகலத்துக்கு.

சீட்டு எதுவும் இல்லை. தேவையும் இல்லை.

சுற்றிலும் யாரும் இல்லை. சாவி என் கையில். சில்லு என் கையில். விதிப்படி முன்னிலையில் நிற்க வேண்டிய இருவரும் டீக்கடையில். அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பூட்டி, நோட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. நேர்மைக்காகப் பெட்டி வைத்தவள் அதில் முதல் உண்மை விழுந்தவுடன் செய்த காரியம் அது.

நல்லூர் பஸ்ஸில் ஜன்னல் சீட். விருத்தாசலம் தாண்டியதும் கம்பங்கள் வர ஆரம்பித்தன. அதற்கு முன்னால் நான் கம்பங்களைப் பார்த்ததே இல்லை போல. ஒவ்வொன்றின் உச்சியிலும் மூன்று தொப்பி. எல்லாம் எங்களுடையதல்ல, பாதி நான் பிறப்பதற்கு முன் நட்டது. ஆனால் எண்ணிக்கொண்டே போனேன். வீட்டில் அப்பா பம்புசெட்டைப் போடக் கிளம்பினார். வழக்கம்போல் காய்ந்த குச்சியால் சுவிட்சைத் தள்ளிவிட்டுத்தான் கையை வைத்தார். "ஏம்ப்பா குச்சி?" என்றேன். "என்னாத்துக்கு? ஈரத்துல நிக்கிறமே, ஒரு இதுக்குத்தான்" என்றார்.

திங்கட்கிழமை காலை சவரிமுத்து சார் மேசையில் சில்லை வைத்தேன். ராத்திரி முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன்.

"சார், பெட்டியில ஒரு சில்லு வந்திருக்கு."

"பெட்டியில ஒரு சில்லு வந்திருக்கு."

"கே-ஒம்போது. கீழ் அடுக்கு சரியா வேகல போல. சாயம் எறங்கியிருக்கு."

"சாயம் எறங்கியிருக்கு." சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோதனையில தெரியலியா?"

"ஓரத்துல லேசா தெரிஞ்சுது சார். வெடிப்பா இருக்கும்னு எடுத்துக்கிட்டாங்க."

"வெடிப்பா இருக்கும்னு எடுத்துக்கிட்டாங்க." நிறுத்தினார். "யாரு?"

தயார் செய்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "நான்தான் சார். பார்த்தேன். குறுக்க ஒடைக்கல. லாரி நின்னுது."

"நான்தான். பார்த்தேன். குறுக்க ஒடைக்கல. லாரி நின்னுது" என்றார் அவர். என் வார்த்தைகள் அவர் வாயில் எவ்வளவு சின்னதாக இருந்தன! எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் செம்பை என் பக்கம் நகர்த்தினார். எழுந்து நின்றார். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஒப்பந்ததாரருக்குப் போன். "வணக்கங்க. கே-ஒம்போது சரக்கை எறக்க வேணாம். எறக்கியிருந்தா மாட்ட வேணாம். எங்க சோதனையில தப்பு நடந்துபோச்சு." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. "ஆமாங்க, எங்க தப்பு. மாட்டினதெல்லாம் நாங்களே வந்து நின்னு கழட்டி எடுத்துக்கிறோம்." எங்க, எங்க என்றே சொன்னார். 'புதுசா வந்த பொண்ணு' என்ற சொல் அந்தப் போனில் வரவில்லை. அடுத்து முதலாளிக்குப் போன். அதில் அவர் பேசியது நான்கைந்து "சரிங்க சார்" மட்டும். வைத்த பிறகு பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "ஒன்னை அனுப்பிடச் சொல்றாரு. சோதனை முடியட்டும்னு சொல்லியிருக்கேன். போ, மாதிரிய எடுத்து உடை" என்றார்.

ஒவ்வொரு சூளையிலும் மூன்று முழுப் பீங்கானை அலமாரியில் ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கம். அவற்றை உடைத்து, ரோஸ் தண்ணியில் போட்டு, மறுநாள் பெருமாள் அண்ணன் முன்னாலேயே கழுவினேன். மேல் அடுக்கு வெள்ளை. நடு அடுக்கு வெள்ளை. கீழ் அடுக்கு, கறை. பெருமாள் அண்ணன் முகம் சூளைக் கதவு மாதிரி மூடிக்கொண்டது. கீழ் பர்னர் ஒன்று அடைத்திருந்ததைப் பிறகு அவரே கண்டுபிடித்தார். ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான். "சில்லைப் போட்டது யாரு?"

புதன்கிழமை சேத்தியாத்தோப்புக்குப் போனோம், சவரிமுத்து சாரும் நானும். பதினோரு கம்பத்தில் ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள். நல்லவேளை, கம்பியில் இன்னும் மின்சாரம் விடவில்லை. வரப்பில் நின்றோம். லைன்மேன் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றி, கயிற்றில் கட்டிய சாக்குப் பையில் இறக்கினார். நான் பிடித்து அடுக்கினேன். வெயிலில் அவை மினுங்கின. பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தார். "ஏம்மா, முந்தாநேத்துதான மாட்டுனாங்க? பளபளன்னு இருக்குது, ஏன் கழட்டுறீங்க?"

"சரியா வேகலீங்க."

"வேகலியா? இட்லியா அது?" பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்து அனுப்ப வேண்டியவ நானுங்க. சரியா பாக்காம அனுப்பிட்டேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். தான் நின்றிருந்த சேற்றைப் பார்த்தார். "அதுக்கா இந்த வெயில்ல வந்து நிக்கிற? இந்தா, மொதல்ல தண்ணி குடி" என்று தூக்குச்சட்டியை நீட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலே இருந்த லைன்மேன் கத்தினார். "சார், பதினெட்டு வருசமா ஏறுறேன். கம்பெனிக்காரன் தானா வந்து கழட்டுங்கன்னு சொல்லி இப்பத்தான் பாக்குறேன்."

"நாங்களும் இப்பத்தான் சொல்றோம்" என்றார் சவரிமுத்து சார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் தப்புச் செய்து திருந்திய பெண்ணாக நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை. என் வேகம் இன்னொரு காரியம் செய்தது, இதைவிட மோசமாக.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரையும் வாசலில் கூட்டினேன். கடைவீதியில் ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், 'ஒன்றுமில்லை' என்று எழுதியது உட்பட. அதுவரை சரி. பிறகு சால்வையைத் தூக்கிக் காட்டி, "இந்தச் சில்லைப் போட்டவங்க யாரா இருந்தாலும் முன்னால வாங்க. நம்ம எல்லாரையும் காப்பாத்தினவங்க. அவங்களுக்கு மரியாதை செய்யணும்" என்றேன்.

யாரும் முன்னால் வரவில்லை.

பெருமாள் அண்ணன்தான் பேசினார். "சில்லைக் கழிவு மேட்டுக்குத் தூக்குறது ஒரே ஆளு. இதுல தேடறதுக்கு என்னா இருக்குது?"

அறுபது தலைகள் திரும்பின. பச்சையம்மா அக்கா கடைசியில் தூணோரம் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். அந்த ரோஸ் விரல்களை.

அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. பெயர் எழுத வேண்டாத பெட்டி என்று அத்தனை பெருமையாக வைத்தேனே, சில்லு தொடுகிற கை ஒன்றே ஒன்று என்றால் பெயர் எழுதாமல் இருந்து என்ன? சால்வை என் கையில் கனத்தது.

திங்கட்கிழமை டீ நேரத்தில் பெஞ்சில் பச்சையம்மா அக்கா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. செவ்வாயும் அப்படியே. யாரும் ஏசவில்லை. சும்மா உட்காரவில்லை, அவ்வளவுதான். குழாயடியில் அவரைப் பிடித்தேன்.

"அக்கா, நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும்மா. ஆனா எல்லாரும் எங் கையப் பாத்தாங்க பாரு. இத வுட்டா எனக்கு வேற வேல ஏது?"

"ஏங்க்கா, ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே?"

"எழுதத் தெரியாதுன்னு நெனச்சியா? எட்டாவது பாஸு. எழுதுனா கையெழுத்து தெரிஞ்சிடும். சில்லுக்குக் கையெழுத்து ஏதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா..."

"ஒங்கிட்டயா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ நல்ல பொண்ணுதான் மலரு. ஆனா நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ பதில் சொல்லி முடிச்சிருப்ப."

எனக்கு அதற்கும் பதில் உடனே வந்தது. முதல் முறையாக அதை விழுங்கினேன்.

புதன்கிழமை முதலாளி போன் செய்தார். நான் நோட்டோடு அறையில் நின்றிருந்தேன். அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. சரக்கு திரும்பியது, ஒப்பந்ததாரர் முகம் சுளித்தது, இதையெல்லாம் கிளறிவிட்ட சில்லு அள்ளுகிறவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சவரிமுத்து சார் எழுந்து நின்றார். பொத்தானைப் போட்டார்.

"சில்லு அள்ளுற அம்மா வேகாத பீங்கானைக் கண்டுபிடிச்சுது. அதனால அந்தம்மாவை நிறுத்திடணும்." வழக்கமான அதே குரல். "இதைத்தான் சொல்றீங்களா சார்?"

அந்தப் பக்கம் கத்தல் நின்றது.

"அப்படியே எழுதி வச்சிக்கட்டுங்களா சார்? நிறுத்துனதுக்குக் காரணம்னு ஒரு எடம் இருக்கு நோட்டுல."

பிறகு போன் வைக்கப்பட்ட சத்தம். சார் ரிசீவரை மெதுவாக வைத்தார். தண்ணீர் செம்பை எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தார். நான் பார்த்ததை அவர் பார்த்தார். "பயம் இல்லாமயா? மூணு புள்ளைங்கம்மா எனக்கு" என்றார்.

பச்சையம்மா அக்காவை யாரும் நிறுத்தவில்லை. என்னையும் நிறுத்தவில்லை. ஆனால் பெஞ்சு காலியாகவே இருந்தது. பெஞ்சில் உட்காரச் சொல்லி எந்த மேலாளர் உத்தரவு போட முடியும்?

அன்று சாயங்காலம் சாயக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது தோன்றியது. ஓடிப்போய்ச் சொன்னேன். "சார், சில்லு வாளிய இனிமே தினம் ஒருத்தர் தூக்கட்டும். முறை வச்சு. சூளை, பேக்கிங், ஆபீசு எல்லாரும். மேட்டுல நின்னு ஒவ்வொரு சில்லையும் குறுக்க ஒடச்சுப் பாத்துட்டுத்தான் கொட்டணும். அது முடிஞ்சாதான் லாரி. ரோஸ் இருந்தா பெட்டியில போடட்டும், இல்ல நேரா சொல்லட்டும். யாரு வேணா போட்டிருக்கலாம்னு ஆயிடும்."

"எல்லாரும் தூக்கணும்" என்றார்.

"ஆமாங்க சார்."

"நானும்."

"நீங்கதான் சார் மொதல்ல."

"பொட்டி வேணான்னேன், வச்ச. இப்ப வாளியக் கையில குடுக்குற" என்றார். மறுநாள் காலை எல்லோரும் பார்க்க, இஸ்திரிச் சட்டையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு கழிவு மேட்டுக்கு நடந்தார். திரும்பி வரும்போது பத்து விரலும் ரோஸ். இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாமல் மேல் பொத்தான் போட்டிருந்தது.

நான்காம் நாள் பெருமாள் அண்ணன் முறை. மாட்டேன் என்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சொல்லவில்லை. போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. மேட்டில் உட்கார்ந்து பழைய கே-9 சில்லுகளைத் தேடித் தேடி உடைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். தான் வேக வைத்த மண்ணின் உள்ளே அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம். டீ நேரத்துக்கு வந்தார். பச்சையம்மா அக்கா பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எத்தினி வருசமா இந்தக் கனத்தைத் தூக்குற?"

"ஆறு வருசமா."

"எப்பிடித் தூக்குற?"

"இடுப்புல வச்சித்தான். நீ என்னா, மடியில வச்சித் தாலாட்டிக்கிட்டா போன?"

பெஞ்சு குலுங்கியது. பெருமாள் அண்ணனின் ரோஸ் விரல்கள் டம்ளரைச் சுற்றியிருந்தன. "கீழ் பர்னரு அடச்சிருந்துச்சி" என்றார், டம்ளரைப் பார்த்தபடி. "நீ சொல்லலன்னா இன்னும் நாலு சூளை அப்பிடியே போயிருக்கும்." அக்கா தன் பொட்டலத்தில் இருந்த வடையில் பாதியைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தார்.

அந்தச் சால்வை? யாருக்கும் போடவில்லை. என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. என் ஓய்வு விழாவில் எனக்குப் போர்த்தினார்களே, அதுதான். பச்சையம்மா அக்காதான் தேடி எடுத்திருந்தார். "பூச்சி அரிக்கறதுக்குள்ள யாருக்காச்சும் போட்டுடணும்ல?"

விழாவன்று சனிக்கிழமை. சால்வை, மாலை எல்லாம் முடிந்து மூன்று மணிக்குக் கடைசியாகப் பெட்டியைத் திறந்தேன். முன்னிலையில் நீயும் பச்சையம்மா அக்காவும் இருந்தீர்கள் சுகன்யா, நினைவிருக்கும். தூக்கியதும் உள்ளே ஏதோ உருண்டது. ஆறு வருடத்துக்கு முன் கேட்ட அதே சத்தம். தினத்தாள் துண்டில் சுற்றிய ஒரு சில்லு. கழுத்துப் பகுதி. இந்த வாரத்துச் சரக்கு. யாரோ குறுக்கே உடைத்திருந்தார்கள். வெள்ளை. நம்பாமல் நானும் சுத்தியலை எடுத்து இன்னொரு முறை உடைத்தேன். பால் வெள்ளை.

"யாருக்கா போட்டது?" என்று நீ கேட்டாய்.

நான் பச்சையம்மா அக்காவின் கையைப் பார்த்தேன். ரோஸ். தூணோரம் நின்ற பெருமாள் அண்ணனின் கை. ரோஸ். கேசரித் தட்டோடு வந்த சவரிமுத்து சாரின் விரல் நுனி, லேசாக ரோஸ். உன் கையும். அந்த வாரம் வாளி முறை வந்தவர்கள் எல்லோரும். யாரும் முகத்தில் எதையும் காட்டவில்லை. எனக்குத் தெரியவில்லை, சுகன்யா. இன்னும் தெரியாது. அந்தச் சில்லின் ஒரு பாதியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த முறை நோட்டில் எழுதிவிட்டுத்தான்.

செல்போன் நம்பர் வரட்டும். பெட்டியையும் எடுக்கட்டும். வாளி இருக்கட்டும்.

முறைச் சீட்டைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை உன் பெயர்.